ஞாயிற்றுக்கிழமைப் பட்டறை: பொழுதுபோக்கு பிழைப்பான ஒரு நிகழ்வு ஆய்வு

இந்தப் பதிவு பற்றி

கோவையில் சிறு பட்டறைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். லேத், வார்ப்படம், பம்ப் உதிரி என்று பலருடைய வரவு செலவு என் கை வழியே போயிருக்கிறது. அவற்றில் ஒன்றை இங்கே பதிகிறேன். பழைய டூவீலர்களைப் பிரித்துப் பூட்டுவதைப் பொழுதுபோக்காக வைத்திருந்த ஒருவர் அதையே பிழைப்பாக்கிக்கொண்டார். 2020 முதல் 2024 வரை நடந்தது இது. அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயரையும் ஆளை அடையாளம் காட்டும் விவரங்களையும் விட்டுவிட்டேன். தொகைகள் பேரேட்டில் உள்ளவை, பெரும்பாலும் நூறுக்கு முழுமையாக்கியவை.

பின்னணி

அவருக்கு 2020இல் வயது 36. மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவர். 2009 ஜூன் முதல் ஒரு பம்ப் தொழிற்சாலையில் குவாலிட்டி பிரிவில் வேலை. ஷாஃப்ட், இம்பெல்லர், பேரிங் உட்காரும் இடம் ஆகியவற்றை மைக்ரோமீட்டராலும் டயல் கேஜாலும் அளந்து, தேறியதற்கு ஓகே சீட்டு ஒட்டுவது, தேறாததைத் திருப்பி அனுப்புவது. கையில் வாங்கிய சம்பளம் 34,000 ரூபாய். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, அவருக்கு 14,000. ஒரு மகள். வீடு சொந்தம், வீட்டின் மேல் கடன் இல்லை. பின்னால் வரும் முடிவுகள் எல்லாவற்றுக்கும் அடியில் இந்தக் கடன் இல்லாத வீடு இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாடகை கட்டிக்கொண்டிருந்தவராக இருந்தால் 2022இலேயே திரும்ப வேலை தேடிப் போயிருப்பார்.

2014இல் பக்கத்து வீதியில் இரண்டு மழைக்காலம் நனைந்து நின்ற யமஹா ஆர்.எக்ஸ்.100 ஒன்றை 6,000 ரூபாய்க்கு வாங்கினார். கிக்கர் அசையவில்லை, பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டிருந்தது. மெக்கானிக்கிடம் கொடுக்காமல் வீட்டுப் போர்டிகோவில் தானே பிரித்தார். பதினோரு மாதம் கழித்து வண்டி ஓடியது. எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1985 முதல் 1996 வரை தயாரித்த 98 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டி அது. உற்பத்தி நின்று கால் நூற்றாண்டு கடந்தும் கொங்குப் பகுதியில் அந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்காதவர்கள் குறைவு.

அடுத்த ஆறு ஆண்டுகளில் இன்னும் ஆறு வண்டிகள். இரண்டு ஆர்.எக்ஸ்.100, இரண்டு எஸ்டி (Yezdi), ஒரு ஜாவா, ஒரு பழைய காஸ்ட் அயர்ன் புல்லட். உதிரிக்கு உக்கடம், அங்கே கிடைக்காவிட்டால் சனிக்கிழமை ராத்திரி ரயிலேறிச் சென்னை புதுப்பேட்டை. புஷ், ஷாஃப்ட் போன்றவை கடைந்து வாங்க, லேத் பட்டறைகள் நிறைந்த ஆவாரம்பாளையம், கணபதி பகுதிகள் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. காலையில் கொடுத்தால் சாயங்காலம் கைக்கு வந்துவிடும். இந்த ஊரில் பழைய வண்டிப் பித்துப் பிடிக்க இதைவிட வசதி வேண்டியதில்லை.

நோட்டுப் புத்தகத்தில் இருந்தது

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. தொழிற்சாலை மூடிக் கிடந்த வாரங்களில் அவர் ஒரு எஸ்டியை முடித்தார். அக்டோபரில் 1,15,000 ரூபாய்க்கு விற்றார். அதற்கடுத்த வாரம் என்னிடம் வந்தார். வேலையை விட்டுவிட்டு இதையே முழுநேரமாகச் செய்யலாமா, வங்கிக் கடன் கிடைக்குமா என்று கேட்டார்.

அவரிடம் ஒரு நீளநோட்டு இருந்தது. ஒவ்வொரு வண்டிக்கும் வாங்கிய உதிரி, விலை, தேதி, எடுத்த அளவு எல்லாம் அச்சுக் கோத்தது போல எழுதியிருந்தார். எத்தனை மணி நேரம் உழைத்தார் என்பது மட்டும் எங்குமே இல்லை. அளவு எடுத்த தேதிகளை வைத்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அந்த எஸ்டியின் மணிக்கணக்கைத் தோராயமாகக் கட்டினோம்.

வண்டி வாங்கியது 28,000. உதிரி 41,000. பெயிண்ட், குரோம், சீட் 19,000. மொத்தம் 88,000. விற்றது 1,15,000. மிச்சம் 27,000 என்று அவர் வைத்திருந்த கணக்கு சரிதான். ஆனால் பதினான்கு மாதத்தில் செலவான நேரம் ஏறத்தாழ 310 மணி. மணிக்கு 87 ரூபாய். தொழிற்சாலையில் 26 நாள், எட்டு மணி நேரம் என்று வைத்தால் மணிக்கு 163 வாங்கிக்கொண்டிருந்தார். போர்டிகோவுக்கு வாடகையும் போடவில்லை, கரண்டுக்கும் போடவில்லை.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “சந்தோஷத்துக்குச் செஞ்சதுங்க. அதுக்கு எப்படிங்க கூலி போடறது?” என்றார்.

எஸ்டிக்கு ஏன் அத்தனை நேரம் பிடித்தது என்பதும் நோட்டில் இருந்தது. எஸ்டியைத் தயாரித்த மைசூர் ஐடியல் ஜாவா ஆலை 1996இல் மூடப்பட்டுவிட்டதால், உதிரி என்பது யார் வீட்டுப் பரணிலாவது கிடந்து கைக்கு வந்தால்தான். அந்த வண்டியில் கிக்கரும் கியர் லீவரும் ஒரே தண்டுதான். உதைத்து ஸ்டார்ட் செய்துவிட்டு அதையே முன்பக்கம் மடக்கினால் கியர் லீவராகிவிடும். அந்த இணைப்பில் தேய்ந்திருந்த ஒரு துண்டுக்காக மட்டும் ஏழு வாரம் காத்திருந்திருக்கிறார். போர்டிகோவில் அந்தக் காத்திருப்புக்குச் செலவு கிடையாது.

வேலையை விடுவதற்கு முன் எடுத்த முடிவுகள்

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓராண்டு பொறுத்து, வேலையில் இருந்தபடியே வெளியாள் வண்டிகளைக் கூலிக்குச் செய்து பார்க்கச் சொன்னேன். மனைவி இரண்டு நிபந்தனை வைத்தார். எட்டு மாத வீட்டுச் செலவு, அதாவது 2,40,000 ரூபாய், வங்கியில் தனியாக இருக்க வேண்டும். நகையை அடகு வைக்கக் கூடாது. இரண்டாவது நிபந்தனை கடைசிவரை காப்பாற்றப்பட்டது.

2021 தீபாவளி போனஸ் வாங்கிய கையோடு நவம்பர் நடுவில் விலகினார். பன்னிரண்டு ஆண்டுப் பணிக்குப் பணிக்கொடை வந்தது. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 19,500. அதை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, 12 ஆண்டால் பெருக்கினால் 1,35,000. வருங்கால வைப்பு நிதியில் ஒரு பகுதியை எடுத்தார். ஓய்வூதியப் பங்கைத் தொடவில்லை. பத்தாண்டு பணி நிறைந்திருந்ததால் 58 வயதில் ஓய்வூதியம் பெறும் தகுதி அவருக்கு வந்துவிட்டது. அதற்கான திட்டச் சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டார். தொழிலுக்குப் போகிறவர்கள் பலர் இந்த இடத்தில் எல்லாவற்றையும் துடைத்தெடுக்கப் பார்ப்பார்கள். அப்படிச் செய்ய வேண்டாம் என்பது, என்னிடம் வருகிறவர்களிடம் நான் அடித்துச் சொல்லும் ஒன்றிரண்டு விஷயங்களில் ஒன்று.

சிறு தொழில்களுக்குக் கடன் தரும் மத்திய அரசின் முத்ரா திட்டத்தில் கிஷோர் பிரிவில், 50,000 முதல் 5 லட்சம் வரை பிணையில்லாமல் கிடைக்கும் வகையில், 3,50,000 ரூபாய் கடன் எடுத்தார். ஐந்து ஆண்டு, மாதத் தவணை 7,600. அதில் 20 டன் ஹைட்ராலிக் பிரஸ், கம்ப்ரசர், பழைய சிறு லேத் ஒன்று, வி பிளாக், இரண்டு டயல் கேஜ், போர் கேஜ் வாங்கினார். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவை ஏஜெண்டு மூலம் செய்து 1,500 ரூபாய் கொடுத்தார். அது இணையத்தில் இலவசமாகச் செய்வது. என்னைக் கேட்டிருக்கலாம்.

மார்கழியில் புதிதாக எதுவும் தொடங்க வேண்டாம் என்று வீட்டில் சொன்னதால், மாதம் 9,000 வாடகையில் ஒரு தகர ஷெட் 2022 தை மாதம் திறக்கப்பட்டது. வாசலில் எழுதியது: பழைய வண்டிகள் ரெஸ்டோரேஷன் செய்து தரப்படும்.

முதல் எட்டு மாதம்

பிப்ரவரி முடிவதற்குள் ஆறு வண்டிகள் வந்தன. ஆறையும் எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றுக்கும் 25,000 முன்பணம், முடிந்ததும் கூலியாக 45,000, உதிரி தனி. தேதி கேட்டவர்களுக்கெல்லாம் “ஆடிக்குள்ள முடிச்சிரலாங்க” என்று சொல்லியிருந்தார்.

நான் மாதம் ஒருமுறை போவேன். ஏப்ரலில் போனபோது ஷெட்டில் நடக்க வழியில்லை. ஆறு வண்டியும் பிரித்துக் கிடந்தன. ஒன்று குரோமுக்காக நின்றது. சைலன்சரும் ரிம்மும் பிளேட்டிங் கடையில் ஐந்து வாரமாக இருந்தன. செம்பு, நிக்கல், குரோம் என்று மூன்று படிவும் ஒழுங்காக ஏறினால்தான் இரண்டு மழைக்காலத்துக்குத் தாங்கும், அவசரப்படுத்தினால் அடியிலிருந்து துரு கிளம்பும் என்பதால் அவர் அவசரப்படுத்தவும் இல்லை. இன்னொன்றுக்கு ஸ்பீடோமீட்டர் இல்லை. மூன்றாவதன் உரிமையாளர் பாதியில் நிறத்தை மாற்றச் சொன்னார். மாற்றினார். அதற்குக் காசு கேட்கவில்லை.

பணத்தில் நடந்தது இன்னும் மோசம். இரண்டாவது வண்டியின் முன்பணத்தில் முதல் வண்டிக்குக் குரோம், நான்காவதன் முன்பணத்தில் ஷெட் வாடகை. 1,50,000 முன்பணம் ஜூன் மாதத்தோடு கரைந்தது. ஆகஸ்ட் முடிவில் முடித்துக் கொடுத்தது இரண்டு வண்டிதான். வீட்டுக்கென்று ஒதுக்கிய 2,40,000 ரூபாயில் 70,000 மிச்சம்.

வேலையில் குறை சொல்ல முடியாது. முடித்துக் கொடுத்த அந்த இரண்டும் பார்க்கிறவர் கை நீட்டித் தொட்டுப் பார்க்கும்படி இருந்தன. அந்தப் பகுதியில் நாற்பது ஆண்டாக மெக்கானிக்காக இருக்கும் ஒரு பெரியவர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னது இது: “வேலை சுத்தமாத்தான் இருக்குதுங்க தம்பி. ஆனா எப்பக் கெடைக்கும்னு உங்களுக்கே தெரியலீங்களே.”

எண் பொருந்தாத வண்டி

மே மாதத்தில் நடந்ததைத் தனியே பதிய வேண்டும். ஆறு வண்டிகளில் ஒன்றின் கிராங்க் கேஸ், அதாவது இன்ஜினின் அடிப்பகுதி உறை, உடைந்திருந்தது. பழைய உதிரிச் சந்தையில் நல்ல கேஸ் ஒன்று கிடைத்தது, வாங்கிப் பூட்டினார். பொழுதுபோக்கு நாட்களில் இரண்டு முறை இப்படிச் செய்திருக்கிறார், ஒன்றும் ஆகவில்லை. இன்ஜின் எண் குத்தப்பட்டிருப்பது அந்தக் கேஸின் மேல்தான். வண்டியை எடுத்துப் போனவர் பெயர் மாற்றத்துக்குப் போனபோது ஆர்.சி. புத்தகத்தில் ஒரு எண், வண்டியில் வேறு எண். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நின்றுபோனது. அவர் திரும்பி வந்தார். கோபத்தில் நியாயம் இருந்தது. இவர் கூலியில் 20,000 திருப்பிக் கொடுத்து, உடைந்த பழைய கேஸை வெல்டிங் செய்து கடைந்து மறுபடி பூட்டிக் கொடுத்தார். வெல்டிங்குக்கும் கடைசலுக்குமான 6,500 ரூபாயும் இவர் தலையில்.

அன்றிலிருந்து ஒரு வண்டி ஷெட்டுக்குள் வருவதற்கு முன் சேஸிஸ் எண், இன்ஜின் எண், ஆர்.சி. மூன்றும் ஒத்துப் பார்க்கப்படுகின்றன. பதிவுக் காலம் முடிந்ததா என்றும் பார்ப்பார். சொந்த உபயோக வண்டிக்கு முதல் பதிவு 15 ஆண்டுதான் செல்லும், அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். டூவீலருக்கு 300 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 1,000 ஆனது. அப்பா காலத்து வண்டி என்று கொண்டுவருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஆர்.சி. காலாவதியானதே தெரியாது. 50 ஆண்டு கடந்த வண்டியை 2021இல் வந்த விதிகளின்படி விண்டேஜ் என்று பதிந்து ‘விஏ’ எண் வாங்கலாம். புதிதாகப் பதிய 20,000. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது. இதைக் கேட்டதும் பெரும்பாலோர் பழைய எண்ணே போதும் என்கிறார்கள்.

இன்னொரு வகை வருமானத்தை அவர் தொடவே இல்லை. ஆர்.எக்ஸ்.100க்கு வேறு சைலன்சர், டிஸ்க் பிரேக், வேறு ஃபோர்க் என்று மாற்றிக் கேட்டு வரும் இளவட்டங்கள் கையில் பணத்தோடுதான் வந்தார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கஷ்ட காலத்திலும் “அது நம்ம வேலை இல்லீங்க” என்று திருப்பி அனுப்பினார். கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் அப்போது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

கிராங்க்

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு எட்டு மாத ரசீதுகளையும் தரையில் பரப்பி வகை பிரித்தேன். ரெஸ்டோரேஷன் ரசீதுகள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் சின்னச் சின்னச் சீட்டுகள், ஒவ்வொன்றும் 900 ரூபாய். எண்ணினால் 61. இவை என்ன என்று கேட்டேன். “அது சும்மா, மெக்கானிக்குங்க குடுத்து உடற கிராங்குங்க. இடையில இடையில பண்ணிக் குடுக்கறது” என்றார்.

பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டுதான் கிராங்க். டூ ஸ்ட்ரோக் வண்டியின் கிராங்க் ஒரே துண்டு அல்ல. இரண்டு பக்கமும் கனமான இரும்பு வட்டு, நடுவில் ஒரு பின், பின்னில் கனெக்டிங் ராடு. எல்லாம் பிரஸ்ஸில் அழுத்தி இறுக்கியவை. ராடு தேய்ந்தால் பின்னை வெளியே தள்ளி, புது ராடு கிட் போட்டு, மறுபடி அழுத்த வேண்டும். அழுத்தி எடுத்ததும் இரண்டு வட்டும் ஒரே அச்சில் நிற்பது அபூர்வம். செம்புச் சுத்தியலால் பார்த்துப் பார்த்துத் தட்டி அச்சுக்குக் கொண்டுவர வேண்டும். கண் மதிப்பில் தட்டிக் கொடுத்துவிடும் இடங்களும் உண்டு. அச்சு விலகிய கிராங்க் அதிரும், மெயின் பேரிங் சத்தம் போடும், ஆயில் சீலின் விளிம்பு தேயும். நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் சீல் தேய்ந்தால் ஆயில் ஒழுகும், அவ்வளவுதான். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் கலந்த காற்றை உறிஞ்சி மேலே தள்ளுவதே கிராங்க் கேஸின் வேலை. சீல் வழியாக வெளிக்காற்று புகுந்தால் கலவையில் பெட்ரோல் குறையும், சூடேறும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். “புதுசா போரிங் போட்டும் ஜாம் ஆயிருச்சு” என்று வாடிக்கையாளர் பிஸ்டன் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருப்பார். கோளாறு கீழே கிராங்கில் இருக்கும்.

இவர் செய்ததில் ரகசியம் எதுவும் இல்லை. பன்னிரண்டு ஆண்டு பம்ப் ஷாஃப்டுக்குச் செய்ததைத்தான் கிராங்குக்கும் செய்தார். வி பிளாக்கில் உட்காரவைத்து, இரண்டு முனையிலும் டயல் கேஜ் முள்ளை வைத்துச் சுற்றிப் பார்ப்பது. இந்தப் பருமனுள்ள கிராங்குக்கு அச்சு விலகல் 0.03 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான வரம்பு. அவர் 0.02க்குக் கொண்டுவராமல் விடுவதில்லை. முடித்ததும் இடது, வலது அளவையும் ராடின் பக்கவாட்டு இடைவெளியையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, தேதி போட்டு, கிராங்கில் நூலால் கட்டிவிடுவார். தொழிற்சாலைப் பழக்கம். யாரும் கேட்டதில்லை.

அந்தச் சீட்டைத்தான் மெக்கானிக்குகள் தங்கள் வாடிக்கையாளரிடம் காட்டிக்கொண்டிருந்தார்கள். முதலில் சொன்ன பெரியவர்தான் முதல் கிராங்கை அனுப்பியவர். அவரிடமிருந்து அடுத்த பட்டறைக்கு, அங்கிருந்து திருப்பூருக்கு, பொள்ளாச்சிக்கு.

கணக்கைப் போட்டேன். ஒரு கிராங்குக்கு இரண்டரை மணி நேரம். மணிக்கு 360 ரூபாய். ரெஸ்டோரேஷனுக்கு 45,000 கூலி, 260 மணி நேரம். மணிக்கு 173, அதிலிருந்துதான் வாடகையும் தவணையும். வாசலில் பெயர் எழுதி விற்ற வேலை அவரை மூழ்கடித்துக்கொண்டிருந்தது. பெயரே எழுதாத வேலை மிதக்க வைத்துக்கொண்டிருந்தது.

மாற்றியவை

செப்டம்பரில் எடுத்த முடிவுகளில் கடினமானது பாக்கி நான்கு வண்டிகள் பற்றியது. இரண்டை முடித்துக் கொடுப்பது, மற்ற இரண்டையும் முன்பணத்தோடு திருப்பிக் கொடுப்பது என்று தீர்மானித்தோம். 50,000 ரூபாயை நான்கு மாதத் தவணையில் கொடுத்தார். இருவரில் ஒருவர் இன்றும் அவரோடு பேசுவதில்லை. மற்றவர் காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுத்தார்.

அதன் பிறகு ரெஸ்டோரேஷன் ஒரே நேரத்தில் ஒன்றுதான். முன்பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு; அந்த வண்டியின் உதிரி தவிர வேறெதற்கும் அதிலிருந்து எடுப்பதில்லை. கூலி மணிக்கு 250. பிரித்து அளந்த பிறகு ஒரு பில், இன்ஜின் முடிந்ததும் ஒன்று, பெயிண்டும் பூட்டலும் முடிந்ததும் ஒன்று. பிரித்துப் பார்க்காமல் தொகை சொல்வதில்லை. தேதி சொல்லும் வேலையை மனைவி எடுத்துக்கொண்டார். போன் அவருக்குத்தான் போகும். “அவரக் கேட்டா நாளைக்கேன்னு சொல்லிருவாருங்க” என்று என்னிடம் சிரித்தார். மனைவி சொல்லும் தேதி இதுவரை ஒருமுறைதான் தவறியது.

கிராங்க் கூலியை 1,200 ஆக்கினார். வாடிக்கை போய்விடுமோ என்று பயந்தார். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. கொடுத்த மூன்றாம் நாள் கிடைக்கும் என்பது மட்டும் அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

பெயிண்ட் வேலை முழுவதும் வெளியே போனது. காரணம் பாதி உடல்நலம். கடினமாக்கி கலந்து அடிக்கும் பெயிண்டின் புகை நுரையீரலுக்குக் கெடுதல். தகர ஷெட்டில் அதற்கான காற்றோட்டம் செய்ய வசதியில்லை. பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் இருக்கும் என்பதால் டிரம்மைக் கம்ப்ரசரால் ஊதுவதையும் நிறுத்தி, ஈரத்துணியால் துடைக்கிறார். போர்டிகோவில் ஆறு ஆண்டு ஊதிக்கொண்டிருந்தவர்தான்.

2023 தொடக்கத்தில் ஐ.டி.ஐ. முடித்த ஒரு பையனை 12,000 சம்பளத்தில் சேர்த்தார். முதல் மூன்று மாதம் பையன் செய்த ஒவ்வொரு கிராங்கையும் இவர் மறுபடி அளந்தார். அளப்பது தவறில்லை. பையன் 0.02க்குக் கொண்டுவந்ததையும் மறுபடி தட்டி 0.01 ஆக்கிக்கொண்டிருந்ததுதான் சிக்கல். பையன் ஒரு நாள், “அண்ணா, அப்பறம் எனக்கு எதுக்குங்ணா சம்பளம்?” என்று கேட்ட பிறகுதான் நிறுத்தினார்.

பின்விளைவு

2024 மார்ச்சில் முடிந்த ஆண்டின் மாதச் சராசரி இது. கிராங்க் 40, அதில் 48,000. ரெஸ்டோரேஷன் பில் 12,500. உதிரியில் நின்றது 7,000. மொத்தம் 67,500. வாடகை 9,000, பையனின் சம்பளம் 12,000, தவணை 7,600, கரண்டும் சில்லறைச் செலவும் 6,000 போக, கையில் 32,900. ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமாகும் 20 லட்ச வரம்புக்கு வெகு கீழேதான் இருக்கிறார்.

அதாவது, 2021இல் விட்டுவந்த சம்பளத்தை இன்னும் எட்டவில்லை. அங்கே இருந்திருந்தால் இந்நேரம் சம்பள உயர்வும், பி.எஃப்.இல் நிறுவனத்தின் பங்கும் சேர்ந்திருக்கும். தவணை முடிந்தால் நிலைமை மாறும். அதற்கு இன்னும் பாதித் தொலைவுக்கு மேல் இருக்கிறது. வீட்டுக் கையிருப்பு 1,60,000க்குத் திரும்பியிருக்கிறது.

மனநிறைவு கிடைத்ததா என்று இதை எழுதுவதற்காகவே கேட்டேன். யோசித்துத்தான் பதில் சொன்னார். காலையில் ஷெட்டைத் திறக்கும்போது இருக்கும் உற்சாகம் தொழிற்சாலையில் கார்டு அடிக்கும்போது ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால் 2014இல் வாங்கிய அந்த ஆர்.எக்ஸ்.100 ஒன்றரை ஆண்டாகப் போர்டிகோவில் இன்ஜின் பிரித்தபடி நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனரைத் தொடப் பிடிப்பதில்லை என்றார். மகள் மட்டும் அவ்வப்போது அதன் மேல் உட்கார்ந்து படிக்கிறாள்.

முன்னால் இருக்கும் கவலையையும் சொல்ல வேண்டும். புது டூ ஸ்ட்ரோக் வண்டி இனி வரப்போவதில்லை. இருப்பவை தேய்ந்து குறைந்துகொண்டே போகும். ஓசூரில் மின்சார ஸ்கூட்டர் ஆலை ஓடிக்கொண்டிருக்கும் காலத்தில் இவர் 1996இல் நின்றுபோன வண்டியின் கிராங்கை நம்பியிருக்கிறார். அவர் கணக்கு வேறு. மெக்கானிக்குகள் ஓய்வு பெறும் வேகம் வண்டிகள் குறையும் வேகத்தைவிட அதிகம் என்கிறார். பத்தாண்டுக்குத் தாங்கும் என்று எனக்கும் தோன்றுகிறது. அதற்குமேல் சொல்ல என்னால் முடியாது. தண்ணீர் பம்ப் ஷாஃப்ட் நேராக்கிக் கொடுக்க முடியுமா என்று இரண்டு விவசாயிகள் கேட்டிருக்கிறார்கள்; முடியும்.

மறுபடி செய்தால்

மணிக்கணக்கை முதல் வண்டியிலேயே எழுதத் தொடங்கியிருப்பேன் என்கிறார். அதைச் செய்திருந்தால் எந்த வேலை சோறு போடும் என்பது 2018 வாக்கிலேயே தெரிந்திருக்கும். வேலையை விடுமுன் விடுப்பெடுத்து, கூட்டம் மொய்க்கும் ஒரு சாதாரணப் பட்டறையில் ஒரு மாதமாவது உட்கார்ந்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறார். அங்கே ஒரு நாளைக்குப் பத்து வண்டி வந்து பத்தும் போகும். வந்த வண்டியை வெளியே அனுப்புவது தனிக் கலை என்பதை போர்டிகோ கற்றுத் தரவில்லை.

என் பக்கத்துத் தவறும் உண்டு. கடன் விண்ணப்பத்தில் ஆறு வண்டி, ஆறு மாதம் என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். வங்கிக்கு அழகாக இருந்தது. ஒரு எஸ்டிக்கு ஏழு வாரம் காத்திருந்த கதையைக் கேட்டுவிட்டு அப்படி எழுதியிருக்கக் கூடாது.

ஒன்றில் மட்டும் எங்களுக்குள் இன்னும் உடன்பாடில்லை. ரெஸ்டோரேஷனை முழுக்க விட்டுவிடச் சொல்கிறேன். இப்போது கிராங்கில் மணிக்கு 480 வருகிறது, ரெஸ்டோரேஷனில் 250. அதுவும் போன மாதம் பில்லில் 50 மணி, நோட்டில் 71 மணி. பில் போடாத அந்த 21 மணியில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், ஜாவாவின் டேங்கில் பொன்னிறக் கோடு இழுத்தது திருப்தியாக வரவில்லை, மூன்று முறை பெயிண்டரிடம் போய் அழித்து அழித்து இழுக்கவைத்தேன் என்கிறார். அந்த வண்டியைப் பார்த்துத்தான் கிராங்க் வேலை வருகிறதாம், ஆகவே 21 மணியை விளம்பரச் செலவு என்று பேரேட்டில் எழுத வேண்டுமாம். நான் இன்னும் எழுதவில்லை.